நாலு குஞ்சுகளின் தனிக்குடித்தனம்

"குடும்பத்துப் பெரியவர்களுக்கும், மருமக்கமார்களுக்கும், இந்தக் குழுவில் எல்லாவற்றையும் படித்துவிட்டு ஒரு வார்த்தை பதில் போடாமல் இருக்கும் மற்றவர்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: வருகிற வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, நமது இல்லத்தில் பிறந்து வளர்ந்த இளந்தளிர்கள் நால்வரும், இறைவன் நாடினால், பெற்றோரின் பராமரிப்பிலிருந்து விலகித் தனிக்குடித்தனம் புகவிருக்கிறார்கள். அதை முன்னிட்டு ஞாயிறு மதியம் சிறு விருந்து உண்டு. அனைவரும் வருக. இப்படிக்கு, ஹாஜி கமாலுதீன், தலைவர்."

எதற்குத் தலைவர் என்று அவர் போடவில்லை. எப்போதும் போடுவதில்லை. சூலியா தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு நல்லுறவு மன்றம் ஆரம்பித்து, யாரும் தலைவராக விரும்பாத காரணத்தால் அவரைத் தலைவராக்கி, அதற்குப் பிறகு ஒரு முறைகூடக் கூடாமல் கலைந்துபோனார்கள். மன்றம் போனாலும் பதவி போகவில்லை. கல்யாணப் பத்திரிகை, கட்டண பில், கோழிக்காரனுக்கு அனுப்பும் குறுஞ்செய்தி என்று அவர் கையொப்பமிடும் எல்லா இடத்திலும் அது கூடவே வந்தது.

இளந்தளிர்கள் நால்வரும் பறவைகள். ஸீப்ரா ஃபிஞ்ச் என்று பெயர். ஆளுக்கு ஒரு கட்டைவிரல் பருமன் இருப்பார்கள்.

மகள் அதிரா ஈப்போவுக்குத் தாதியர் படிப்புக்குப் போனபோது விட்டுப்போன ஜோடிதான் இவர்களின் தாய்தகப்பன். ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, நெஞ்சில் கோடு. பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, சாம்பல் நிறம். சோற்றுக்கடைக்கு மேலே குடியிருக்கும் வீட்டில் பறவை எதற்கு என்று கமாலுதீன் முதலில் சத்தம் போட்டார். பெண் முட்டை இட்ட மறுநாள் சத்தம் நின்றது. குஞ்சு பொரித்ததும் கடைக்கு வருகிறவர்களிடம் கைப்பேசியில் படம் காட்ட ஆரம்பித்தார். மீன் தலைக்கறி வாங்க வந்தவர், இறகு முளைக்காத நான்கு உருண்டைகளைப் பார்த்து "மாஷா அல்லாஹ்" சொன்ன பிறகுதான் மீன் தலையோடு வீட்டுக்குப் போக முடிந்தது.

சிக்கல் தகப்பன் குருவியிடம் ஆரம்பித்தது. அதுவரை பொறுப்பான மனிதர்போல மணிக்கொரு தரம் நாலு வாய்க்கும் ஊட்டிக்கொண்டிருந்த அது, தாய்க்குருவி மறுபடி முட்டையில் உட்கார்ந்ததும் குணம் மாறிவிட்டது. ஊட்டும், ஊட்டி முடித்த கையோடு துரத்தும், துரத்திப் பிடித்து வாலிலிருந்து ஓர் இறகைப் பிடுங்கும். கடைக்குட்டிக்கு வால் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அதன் முதுகில் ரோஸ் நிறத்தில் தோல் தெரிந்த அன்று கமாலுதீன் மத்தியானச் சோறு சாப்பிடவில்லை.

அதிரா கைப்பேசியில் விளக்கமாகச் சொன்னாள். குஞ்சுகளைப் பிரித்து வைத்தாக வேண்டும். ஆனால் சொந்தமாகக் கொறித்துத் தின்னத் தெரிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். சீக்கிரம் பிரித்தால் பட்டினியில் போய்விடும், இத்தனை சின்ன உடம்பு ஒரு நாள் பசிகூடத் தாங்காது. தாமதித்தால் தகப்பனே மொட்டையடித்துக் கொன்றுவிடும். சீக்கிரத்துக்கும் தாமதத்துக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அவர் கேட்டார். கொஞ்சம்தான் என்றாள். அந்தக் கொஞ்சத்தில்தான் கமாலுதீன் அந்த வாரம் முழுக்கக் குடியிருந்தார்.

கூண்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். பெரியது ஒரு தினையை அலகில் வைத்து உருட்டியதைக் கண்டார். இரண்டாவது அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டார். மூன்றாவது, இரண்டாவதின் மேல் ஏறி நின்றது. கடைக்குட்டி தூங்கியது. இதிலிருந்து நால்வரும் தேறிவிட்டார்கள் என்று தீர்மானித்து, மேலே கண்ட அறிவிப்பை வெளியிட்டார்.

கமாலுதீனுக்குச் சாப்பாட்டு விஷயத்தில் தன்மேல் இருந்த நம்பிக்கையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சாப்பிட்டு வைத்த தட்டைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். வெண்டைக்காயை ஓரம் ஒதுக்கியிருந்தால் வீட்டில் மனைவி சமையல். சோறு மிஞ்சி, மேலே ஊற்றும் ஆணம் மட்டும் தீர்ந்திருந்தால் ஆள் கடன்காரன். கோழித் தோலை உரித்து வைத்திருந்தால் போன வாரம் டாக்டரைப் பார்த்திருக்கிறான். இதெல்லாம் சரியா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அதனால் தவறு என்றும் யாரும் சொன்னதில்லை. இதோடு சேர்ந்து ஒரு சட்டமும் உண்டு. தட்டில் இருப்பதை முடிக்காமல் மேலே கேட்கக் கூடாது. கடையில் வாடிக்கையாளருக்கு அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். வீட்டில் சிரிக்காமல் சொல்வார். சோற்றை வீணாக்கினால் மறுமையில் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் நம்பிக்கை, அதில் அவர் பாசாங்கு எதுவும் கிடையாது.

வெள்ளிக்கிழமை அஸர் முடிந்து வந்தார். தாய்தகப்பன் கூண்டுக்குப் பக்கத்தில் புதுக்கூண்டு தொங்கியது. குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து அதில் விட்டார். கூண்டோடு வந்த தீனிக்கிண்ணம் மிகவும் சிறியதாக, ஒரு கஞ்சனின் வீட்டில் இருக்க வேண்டியதாகத் தெரிந்ததால், கீழே கடைக்குப் போய் மிளகாய்ச் சம்பல் வைக்கும் வெள்ளைக் கிண்ணம் ஒன்றை எடுத்து வந்தார். நல்ல ஆழம். அதில் தினையைக் கோபுரமாகக் குவித்தார். புதுமனை புகுந்தவர்களுக்குத் தட்டு நிறைய வைப்பதுதான் மரியாதை.

பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஆக இன்று முதல் நீங்கள் உங்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று தொடங்கி, உழைப்பு, ஒற்றுமை, தகப்பனாரின் இல்லாமையைப் பொறுத்துக்கொள்ளுதல் ஆகிய தலைப்புகளில் பேசினார். தகப்பனார் ஒரு முழம் தள்ளிப் பக்கத்துக் கூண்டில் குளித்துக்கொண்டிருந்தார். மனைவி சித்தி ஆயிஷா (சித்தி என்பது முறையல்ல, பெயர்) வெங்காயம் உரித்தபடியே முழுவதையும் கேட்டாள். வீட்டுக்கு வரும் சொற்பொழிவுகளில் வெங்காயத்தோடு கேட்கக்கூடியவைதான் நல்லவை என்பது அவள் கருத்து.

சனிக்கிழமை காலை அவர் முதலில் பார்த்தது கிண்ணத்தை.

கோபுரம் அப்படியே இருந்தது. உச்சி கொஞ்சம் சரிந்திருந்தது, அவ்வளவுதான். உயரம் குறையவில்லை. குஞ்சுகள் நான்கும் தகப்பன் கூண்டுப் பக்கத்துக் கம்பியில் வரிசையாகத் தொங்கிக்கொண்டு, கழுத்தைப் பக்கவாட்டில் முறுக்கி, வாயைப் பிளந்து கத்தின. தகப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

தொடாமல் திரும்பி வந்த தட்டு என்றால் என்ன அர்த்தம் என்று கமாலுதீனுக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அவர் கடையில் தட்டு அப்படித் திரும்பியது ஒரே ஒரு தடவைதான்; அன்றைக்கு அந்த ஆளை மேசையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

கடையில் அன்று அவர் கை அவர் சொன்னதைக் கேட்கவில்லை. ஆணத்தைப் பஞ்சிராக, சோறு முங்க ஊற்றச் சொன்னவருக்கு வெறும் சோற்றைக் கொடுத்தார். வெறும் சோறு கேட்ட வெள்ளைக்காரப் பெண்ணின் தட்டில் மூன்று வகை ஆணமும் வெள்ளமாக ஓடியது. அவள் அதையும் படம் எடுத்துக்கொண்டு சாப்பிட்டாள். கூட்டம் குறையும்போதெல்லாம் மாடிப்படி ஏறினார். ஏறும்போது கத்தும் சத்தம் கேட்டால் பசிக்கிறது என்று பதறினார். சத்தம் கேட்காவிட்டால் செத்துவிட்டன என்று பதறினார். முழங்கால் வலிக்கு இது நல்லதில்லை என்று சித்தி ஆயிஷா சொன்னதற்கு, முழங்காலைப் பற்றிப் பேசுகிற நேரமா இது என்றார்.

குடும்பத்தின் கைப்பேசிக் குழுவில் ஆலோசனைகள் குவிந்தன. சித்தி ஆயிஷாவின் தம்பி ஹஸ்ருல் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மேலாளர்களுக்கு அடுத்த படியில் இருந்தான். அந்த ஒரு படிதான் அவனை இப்படி ஆக்கியிருந்தது. புது வேலையாட்களும் முதல் வாரம் இப்படித்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், இதற்கு மாற்றத்துக்கு எதிர்ப்பு என்று பெயர் என்று எழுதி, அம்புக்குறிகள் போட்ட ஒரு படத்தையும் அனுப்பினான். படத்தில் குருவி எங்கும் இல்லை. நஸீஹா என்ற மருமகள் முறைப் பெண் தேன் கொடுக்கச் சொன்னாள். வேறொருவர் அவித்த முட்டை என்றார். குருவிக்கு முட்டை கொடுப்பதில் முறை இருக்கிறதா என்று அதற்குள் ஒரு தனிச் சண்டை கிளம்பியது.

சாயங்காலம் அதிரா கூப்பிட்டாள்.

"தீனி போட்டிருக்கீங்களா, அத்தா?"

"மலை மாதிரி இருக்கு. ஒன்னும் தொடல."

"ஒன்னுமேவா?"

"நேத்து வச்சது வச்சபடியே இருக்கு. நான் தட்டு பார்க்காத ஆளா?"

அப்படியானால் அவை இன்னும் தயாராகவில்லை போலிருக்கிறது, நாளைக் காலையிலும் தின்னாவிட்டால் திரும்ப உள்ளே விட்டுவிடுங்கள் என்றாள். தகப்பன் கொத்துமே என்றார். கொத்தும்தான் என்றாள். அவள் குரல் தாதிகளின் குரலாக, தைரியம் சொல்வதுபோலவே கெட்ட செய்தி சொல்வதாக மாறிவிட்டதை அவர் அப்போதுதான் கவனித்தார்.

சித்தி ஆயிஷா மட்டும் வேறொன்று சொல்லிப் பார்த்தாள். "பழசு பிடிக்கலையோ என்னமோ. அதக் கொட்டிட்டுப் புதுசா போட்டுப் பாருங்களேன்."

"இருக்கிறத முடிக்காம மேல போடுற பழக்கம் இந்த வீட்டுல கிடையாது."

"குருவிக்குமா?"

"சட்டம்னா எல்லாருக்கும்தான்."

அவள் விட்டுவிட்டாள். விருந்துக்குக் கோழி ஊறப்போட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கூண்டுக்கு முன்னால் போய் நின்றார். சத்தம் கேட்டது, ஆனால் மூன்று குரல்தான். மூன்று குஞ்சுகள் கம்பியில் இருந்தன. நேற்றைப்போல வாயைப் பிளந்து கத்தவில்லை, இழுத்து இழுத்து முனகின. கடைக்குட்டி கூண்டின் தரையில் மூலையில் உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு பஞ்சு உருண்டையாக, கண் பாதி மூடி. கிண்ணத்தில் கோபுரம் நின்றது.

இதற்கு மேல் அறிவிப்பு, விருந்து, தலைவர் பதவி எதுவும் கமாலுதீனுக்கு நினைவில்லை. கையை விட்டுக் கடைக்குட்டியை எடுத்தார். அது தப்பிக்கப் பார்க்கவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் ஓர் இயந்திரம் ஓடுவதுபோல இருந்தது. உடம்பு இருப்பதே தெரியவில்லை.

தாய்தகப்பன் கூண்டைத் திறந்து உள்ளே விட்டார். கடைக்குட்டி தள்ளாடிப் போய்த் தகப்பன் முன்னால் கழுத்தை முறுக்கி வாயைத் திறந்தது. தகப்பன் ஒரு கணம் பார்த்தது. ஊட்டப்போகிறது என்று நினைத்தார். அது பாய்ந்து கழுத்துப் பின்னால் கவ்வி உதறியது. கமாலுதீன் பாதிக் கையை உள்ளே விட்டு, தன் விரலிலும் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு குஞ்சை மீட்டார். இரண்டு சின்ன இறகுகள் மிதந்து தரைக்கு வந்தன.

"உன் புள்ளடா அது," என்றார் தகப்பன் குருவியிடம். தகப்பன் குருவி ஊஞ்சலில் ஏறி ஊதுகுழல் சத்தம் போட்டது.

குஞ்சைச் சட்டைப் பையில் இறக்கி, மேலே கையை அணைத்து வைத்துக்கொண்டார். மறு கையால் கைப்பேசியை எடுத்து, "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று அடித்தார். மேலே ஓடவில்லை. கீழே கடைப் பக்கம் யாரோ சட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. விருந்துக்கு ஆட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. சாவு வீட்டில் கோழிப் பிரியாணி பரிமாறுவது எப்படி என்று ஒரு நினைப்பு வந்து, அப்படி நினைத்ததற்காகவே அஸ்தஃபிருல்லாஹ் சொல்லிக்கொண்டார்.

வேறு வழி ஒன்று தோன்றியது. குஞ்சுகளைத் திரும்ப அனுப்புவதற்குப் பதிலாகத் தகப்பனை நாடு கடத்தினால் என்ன? புதுக்கூண்டைக் காலி செய்து அதில் தகப்பனை அடைத்துவிட்டு, குஞ்சுகளைத் தாயோடு விடலாம். முட்டையில் உட்கார்ந்திருந்தாலும் அது தாய்தானே, ஊட்டாமலா போகும். தீனியையும் கூடவே மாற்றிவிட வேண்டும். இந்தக் கொலைகாரனுக்கு இவ்வளவு தினை வைப்பதாக இல்லை.

சட்டைப் பையைக் கையால் மூடியபடியே, மறு கையைப் புதுக்கூண்டுக்குள் விட்டுக் கிண்ணத்தைத் தூக்கினார்.

தூக்கிய கை தேவைக்கு மேலே போனது. நிறைய இருக்கிறது என்று நினைத்துத் தூக்கினால் காலி வாளி எப்படி மேலே வருமோ அப்படி. சம்பல் கிண்ணத்தின் பாரம் அவருக்குத் தெரியும். காலியாகவும் தெரியும், நிறைந்தும் தெரியும். கையில் இருந்தது காலிக் கிண்ணத்தின் பாரம். கண்ணில் இருந்தது நிறைந்த கிண்ணம். முகத்துக்கு அருகில் கொண்டுவந்து பார்த்தார். விளங்காமல் பெருமூச்சு விட்டார்.

கோபுரம் பறந்தது.

பொன் நிறத்தில், தூசு போல, முகத்திலும் தாடியிலும் வந்து ஒட்டியது. ஒவ்வொன்றும் தினை அளவு, தினை நிறம், தினை வடிவம். நடுவில் கீறி உள்ளே ஒன்றுமில்லாத உமி. கீழே கிண்ணத்தின் வெள்ளை அடி பளபளவென்று தெரிந்தது. அதில் ஒரு மணி இல்லை.

கமாலுதீனுக்கு அப்போதுதான் விளங்கியது. தின்றிருக்கின்றன. வெள்ளிக்கிழமையே தின்னத் தொடங்கியிருக்கின்றன. கொறித்துக் கொறித்து, உமியை வைத்த இடத்திலேயே ஒழுங்காக வைத்து, கடைசி மணிவரை தின்று முடித்துவிட்டு, அதன் பிறகு அவரைப் பார்த்துக் கத்தியிருக்கின்றன. அவர் அவற்றுக்கு முன்னால் நின்று, இருப்பதை முடிக்கச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

தினை டின்னின் மூடியைத் திறக்கும் அவசரத்தில் பாதித் தினை தரையில் சிதறியது. நிரப்பிய கிண்ணம் கூண்டுத் தரையைத் தொடுவதற்கு முன்னாலேயே மூன்று குஞ்சுகளும் அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டன. கத்தவில்லை. கடகடவென்று கொறிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடைக்குட்டியைப் பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் சில மணிகளைப் போட்டார். அது பார்த்தது. கண்ணை மூடியது. அவரும் மூடிக்கொண்டார், வாய் எதையோ ஓதியது. மறுபடி திறந்து பார்த்தபோது அதன் கறுத்த அலகில் ஒரு தினை இருந்தது. இப்படியும் அப்படியும் உருட்டியது, தவறவிட்டது, இன்னொன்றை எடுத்தது. ஒரு துண்டு உமி அவர் ஆள்காட்டி விரலில் விழுந்தது. அதன் பிறகு அது நிறுத்தவே இல்லை. கழுத்தோரம் இறகு இல்லாத இடத்தில் தோலுக்குள் மணிமணியாகத் தினை ஏறுவதுகூடத் தெரிந்தது. அவர் கை மரத்துப்போகும்வரை அப்படியே நின்றார்.

சித்தி ஆயிஷா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "தாடியில என்ன ஒட்டியிருக்கு?"

"ஒன்னுமில்ல."

"தின்னுதா?"

"தின்னுது."

அவள் கூண்டைப் பார்த்தாள், தரையில் கிடந்த உமியைப் பார்த்தாள், அவர் தாடியைப் பார்த்தாள். பிரியாணிக்குத் தம் போட நேரமாகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். போகும்போது அவள் தோள் குலுங்கியதை அவர் பார்த்தார், பார்க்காததுபோல இருந்துகொண்டார்.

மதியம் ஹஸ்ருல் வந்தான், நஸீஹா வந்தாள், அவித்த முட்டை கொடுக்கச் சொன்னவர் வந்தார். ஈப்போவிலிருந்து அதிரா பஸ் பிடித்து வந்திறங்கி, கூண்டைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள். எப்படித் தின்ன வைத்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு உட்கார்ந்துகொண்டு பதில் சொல்வது கமாலுதீனுக்கு வழக்கமில்லை. எழுந்து நின்றார். ஆக, என்று தொடங்கினார். பிரிவு என்பது பறவைக்கும் உண்டு என்றார். பாசத்தால் உணவை மறுத்த அந்தப் பிஞ்சு உள்ளங்களைப் படிப்படியாகத் தேற்றி, தன்னம்பிக்கையூட்டி, உரிய நேரத்தில் உரிய நடவடிக்கை எடுத்ததால், தமது நேரடி மேற்பார்வையில் அவை இன்று சொந்தக் காலில் நிற்கின்றன என்றார். ஹஸ்ருல் கைதட்டி, இதைத்தான் தலைமைத்துவம் என்கிறோம் என்றான். அதிரா தரையில் கிடந்த உமியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தி ஆயிஷா யாருக்கோ கோழித் துண்டு வைத்தாள்.

குஞ்சுகளுக்குப் பசித்திருந்தது, அவ்வளவுதான்.